மேட்டித் துணியும் முண்டு மிளகாயும்

ஏப்ரல் 16, 2025

மீன்பிடித் தடைக்காலம் நேற்று தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம் கரையில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, டீக்கடைகளில் பகலெல்லாம் கூட்டம். எனக்கும் இதுதான் சீசன். வீட்டுக்காரர் கரையில் இருப்பதால் பிள்ளைகளை அவர் தலையில் கட்டிவிட்டு ஊசியை எடுக்கலாம்.

அடுத்து என்ன தைக்கட்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தனுஷ்கோடி சூரிய உதயத்தைத் தையேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போடுவது கிராஸ் ஸ்டிச், துணியின் கட்டங்களை எண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி தைப்பது. அதில் எல்லாமே கட்டம். 14 கவுண்ட் துணி என்றால் அங்குலத்துக்கு 14 தையல், ஓர் அடி அகலத்துக்கு 168. அதற்குள் வானம் மஞ்சளிலிருந்து நீலத்துக்குக் கரைவதைக் காட்ட ஐம்பது அறுபது நூல் வேண்டும். அதுவும் ஒவ்வொரு நிறமும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சிதறிக் கிடக்கும். போட்டோவைத் தையல் படமாக மாற்றித் தரும் செயலிகள் தருவதும் இந்தச் சிதறலைத்தான். மாதக்கணக்கில் தைத்து முடித்தால் கையில் இருப்பது ஒரு மங்கலான போட்டோ. அதற்கு போட்டோவையே மாட்டிவிடலாமே.

எனக்கு ஓரம் தெளிவாக இருக்கிற பொருள் வேண்டும். எண்ணக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏப்ரல் 22

மதினி ஊருக்குப் போயிருந்தேன், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். களம் முழுக்க முண்டு மிளகாய் காய்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். மதினிக்கு அதைவிட இந்த வருஷ விலைதான் முக்கியம்.

ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தூரத்தில் ஒரே சிவப்பாகத் தெரிந்தது, கிட்டத்தில் நாலு சிவப்பாகப் பிரிந்தது. வெயில் நேராக விழுகிற மேட்டில் பளீர் சிவப்பு. அதைச் சுற்றிச் சாதாரணச் சிவப்பு. காம்பை ஒட்டி அடர்சிவப்பு. தோல் சுருங்கி மடிந்த கோட்டில் அரக்கு. வெளிச்சம் ஊடுருவுகிற ஓரத்தில் உள்ளே ஒட்டியிருக்கும் விதைகள் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிகின்றன. காம்பில் பச்சை கொஞ்சமும் இல்லை, வைக்கோல் நிறம்.

சின்னவனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அங்கேயே வரைந்துவிட்டேன். அகலம் 14 கட்டம், உயரம் 14 கட்டம். துணியில் சரியாக ஓர் அங்குலம், கிட்டத்தட்ட மிளகாயின் அளவேதான். டி.எம்.சி. என்ற கம்பெனி நூலில் அந்த நாலு சிவப்புக்கும் நிற எண்கள் அதே வரிசையில் 666, 321, 498, 815. விதைக்கு ஆரஞ்சில் இரண்டே தையல் போதும். நிழலுக்குக் கறுப்பு வைக்கவே கூடாது, மிளகாய் அழுகிவிடும். கறுப்பு செய்ய வேண்டிய வேலையை அரக்கான 815 செய்துவிடும்.

சமையலறைத் திரையின் அடியில் ஏழு மிளகாய் வரிசையாக வரப்போகிறது என்றேன். "மிளகாயைத் தைச்சு மாட்டுறதுன்னா வாசல்ல மாட்டு, கண்ணேறாவது கழியும்" என்றாள் மதினி.

ஏப்ரல் 25

சிவப்பு நூலைத் தைப்பதற்கு முன்பே குளிர்ந்த நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பது நல்லது. சாயம் விடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்: இரவு ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும், அந்தக் கறை போகாது.

மே 3

கீழக்கரையில் தோழி வீட்டு விருந்து. திரும்பும்போது அவளுடைய லாத்தா (அக்கா) ஓர் ஓலைப்பெட்டியில் தொதல் என்ற இனிப்பை வைத்துக் கொடுத்தார். தொதல் அன்றிரவே தீர்ந்தது, பெட்டி மேஜைமேல் இருக்கிறது.

பனங்குருத்தோலையைக் கீறி, பாதியைச் சாயத்தில் போட்டு, பாதியை அப்படியே விட்டுப் பின்னியது. ஒன்று மேலே, ஒன்று கீழே. வாடாமல்லி நிறக் கீற்று மேலே வரும் இடம் ஒரு கட்டம், அது அடியில் போய் வெறும் ஓலை மேலே வரும் இடம் அடுத்த கட்டம். எனக்கு வேலையே வைக்கவில்லை, பின்னியவர் முன்பே படம் போட்டுக் கொடுத்துவிட்டார்! மூடியில் மட்டும் இரண்டு கீற்றைத் தாண்டிப் பின்னியிருக்கிறார்கள், அங்கே வடிவம் படிக்கட்டாகச் சரிந்து ஓடுகிறது. அதையும் ஒரு கட்டம் விடாமல் எடுத்துக்கொண்டேன்.

வெறும் ஓலைக்கு வெள்ளை நூல் ஒத்துவராது. வெளிர்பழுப்பான 739 வைத்துப் பார்த்தேன், ஓலையின் மேலேயே வைத்து. அதுதான்.

இதற்குக் கட்டம் கட்டமாக நெய்த நம்மூர் மேட்டித் துணியே போதும், கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே வரும் வெளிநாட்டு ஐடா துணி தேவையில்லை. கடையில் கவுண்ட் எழுதியிருக்காது. ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணி வாங்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணுங்கள், சில துணியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. அப்படிப்பட்ட துணியில் சதுரப் பெட்டி நீளப் பெட்டியாகிவிடும்.

மே 12

ராமநாதபுரம் அரண்மனை, ராமலிங்க விலாசம். பிள்ளைகளுக்குக் காட்டுவதாகப் பேர், பார்த்ததெல்லாம் நான்தான். சுவரெங்கும் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியங்கள், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. போர், ராமாயணம், ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திக்கும் காட்சி என்று எல்லோரும் கதையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் அவர்கள் உடுத்தியிருந்ததைப் பார்த்தேன். புள்ளி, கோடு, சிறு பூ. இந்த உருவங்களின் முகத்தைத் தைக்க முயன்றால் கோமாளியாகிவிடும், கண்ணுக்கு இரண்டு கட்டம் கிடைத்தால் பெரிது. உடைத் துணியில் இருக்கும் பூவோ ஐந்து கட்டத்தில் அடங்குகிறது: நடுவில் ஒன்று, நாலு பக்கமும் நாலு. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளிப் போட்டால் கரை தயார். காவி, மங்கிய பச்சை, பழுப்பு வெள்ளை, மூன்றே நூல்.

மே 20

கோலத்தை ஏன் தைக்கவில்லை என்று கேட்கிறார்கள். புள்ளிக்கோலம் நேராகக் கட்டத்தில் உட்கார்ந்துவிடும், யோசிக்க ஒன்றுமில்லை. சிக்குக்கோலம் வளைவு, அதற்குக் கோடு போலத் தொடர்ந்து ஓடும் பேக் ஸ்டிச்தான். எனக்கு இப்போது ஆசையில்லை.

மே 29

பாம்பன். சாலைப் பாலத்தில் நின்று இரண்டு ரயில் பாலத்தையும் ஒருசேரப் பார்க்கலாம்: 1914இல் வந்த பழையது, போன மாதம் 6ஆம் தேதி திறந்த புதியது. பழையதன் மேல்தான் எனக்கும் பாசம். ஆனால் தைக்கிறவளாகச் சொன்னால் புதியதுக்குத்தான் ஓட்டு. பழைய தூக்கு இரண்டு கையாகப் பிரிந்து சாய்வாக எழும். சாய்கோணம் 45 பாகையாக இல்லாவிட்டால் கட்டத்தில் பல்லுப்பல்லாக வரும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி கிடையாகவே மேலே ஏறுகிறது. இரண்டு கோபுரம், நடுவே ஒரு கிடைக்கோடு. கட்டத்துக்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. சின்னதாக, புத்தக அடையாள அட்டை அளவுக்குப் போடலாம். தண்ணீரைத் தைக்க மாட்டேன், துணியின் வெளிர்நீலமே கடலாகட்டும்.

ஜூன் 8

கச்சான் காற்று அடிக்கிறது, மணல் கண்ணைத் திறக்கவிடவில்லை. கரையில் வலை வேலை மும்முரம். பக்கத்து வீட்டு மாமா கிழிந்த இடத்தை முதலில் கத்தியால் அறுத்து இன்னும் பெரிதாக்குகிறார். ஓரத்தில் ஒழுங்கான முடிச்சு கிடைக்கும் வரை அறுத்துவிட்டு, அங்கிருந்து கண் கண்ணாக, அதாவது வலையின் ஒவ்வொரு கட்டமாக, பின்னிக்கொண்டு வருகிறார். கண்ணின் அளவுக்கு அவருக்கு விரல்தான் கணக்கு. பச்சை வலை, ஒட்டுப் போட்ட நூல் நீலம். அந்த நீலத் துண்டை போன் எடுத்துப் படம் பிடித்தேன்.

"நல்ல வலை அம்புட்டு கிடக்கு, ஓட்டையைப் போயி எடுக்குறியேம்மா" என்றார். இதைத்தானே மாமா தைக்கப் போறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

கருநீல ஐடா. கண்ணுக்கு நாலு கட்ட அகலம், சாய்கோடுகள் ஒற்றை இழையில் பேக் ஸ்டிச், முடிச்சு விழும் இடத்தில் மட்டும் இரட்டை இழையில் ஒரு முழுத் தையல். கிழிசலின் ஓரம் கோணல்மாணலாகத்தான் இருக்க வேண்டும், அதை ஒழுங்குபடுத்தினால் ஒட்டு ஒட்டாகத் தெரியாது. அடர்நிறத் துணியில் ஊசி போகும் ஓட்டைகள் தெரிய மடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் போதும்.

ஜூன் 14

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ், டீசல், வலை என்று ஊரே ஓடுகிறது. பிள்ளைகள் மறுபடி என் பொறுப்பு. நான் தைக்கும் வலையில் கால்வாசிதான் ஆகியிருக்கிறது.

கிளம்புமுன் வீட்டுக்காரர் ஃப்ரேமை எடுத்துப் பார்த்தார். ஸ்கேலை வைத்து ஒரு கண்ணை அளந்தார். எட்டு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லையாம். "இவ்வளவு பொடிக்கண் வலையோட போனா அதிகாரிங்க வலையைப் பிடுங்கிக்கிட்டு அபராதமும் போடுவாங்க" என்றார். அடுத்ததில் ஆறு கட்டம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பத்தாதாம்.