2,800 வெள்ளி

மார்ச் 3
சிங்கப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தாயிற்று. ஒப்பந்தப்படி முன்பணம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 14 நாளில் திரும்ப வர வேண்டும்.

மார்ச் 17
வரவில்லை.

மார்ச் 18
வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் கழிவுக் கணக்கு மட்டும் வந்தது. பெயின்ட் 1,100, ஏர்கான் கெமிக்கல் வாஷ் (ரசாயனக் கழுவல்) 480, துப்புரவு 350. எதற்கும் ரசீது இல்லை. மிச்சம் 870 எப்போது என்றும் இல்லை.

மார்ச் 20
ஏர்கான்தான் உறுத்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆண்டுக்கு நான்கு ரசீது, கையில் மூன்று. செப்டம்பர் ரசீதைக் காணோம். பேநவ் (மின்வழிப் பணமாற்று) பதிவு நாளையும் தொகையையும் காட்டும், என்ன வேலை என்று காட்டாது. சர்வீஸ்காரரிடம் நகல் கேட்டாயிற்று.

மார்ச் 22
குடியிருந்தால் சுவர் மங்கும். அது தேய்மானம், சேதம் அல்ல. துளை விழுந்தால் சேதம்; அப்போதும் பழைய பெயின்டுக்குப் புதுப் பெயின்டின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை. குடிவந்த நாள் படத்தையும் ஒப்படைத்த நாள் படத்தையும் ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சமையலறைத் திரை உடைந்தது உண்மை. 60 வெள்ளியைக் கழித்து, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 2,740 கேட்பதே சரி. உடைத்ததை மறைத்தால் மற்றப் பேச்சையும் நம்பமாட்டார்கள்.

மார்ச் 24
வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றிதழ் கிடைத்தது! ஓராண்டு ஒப்பந்தத்தின் மொத்த வாடகை 33,600, அதில் 0.4 விழுக்காடு, 134 வெள்ளி. வரி கட்டாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கமாட்டார்கள். விட்டுப்போயிருந்தால் அபராதத்தோடு கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

மார்ச் 27
சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில், சிங்பாஸ் (அரசு மின்னடையாளக் கணக்கு) வழியாக மனு. 5,000 வெள்ளி வரை கட்டணம் 10 வெள்ளி. வாடகை ஒப்பந்தம் இரண்டாண்டைத் தாண்டினால் இங்கே எடுக்கமாட்டார்கள். வழக்கறிஞர் கிடையாது. உச்சவரம்பு 20,000, இரு தரப்பும் ஒப்பினால் 30,000. ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர்கள் இருவர், அதனால் மனுவிலும் இருவர் பெயர். ஏஜண்டின் பெயர் வேண்டாம், பணம் அவரிடம் இல்லை.

மார்ச் 28
மன்ற அறிவிப்பை வீட்டுக்காரர்களிடம் சேர்ப்பிப்பது மனுதாரர் வேலை. பதிவுத் தபாலில் போயிற்று. சேர்ப்பித்ததற்கான உறுதிமொழியையும் பதிவேற்ற வேண்டும். அது இல்லாமல், எதிர்த்தரப்பு வராத நாளில் ஆணை கேட்க முடியாது.

ஏப்ரல் 2
செப்டம்பர் ரசீது வரவில்லை.

ஏப்ரல் 9
ஆலோசனை அமர்வு. பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை, சமரசம் பேச வைப்பார். அமையவில்லை. விசாரணை 24ஆம் தேதி.

ஏப்ரல் 10
வந்துவிட்டது. செப்டம்பர் 14, மூன்று யூனிட், 90 வெள்ளி. பேநவிலும் அதே நாள், அதே 90.

ஏப்ரல் 13
விசாரணைக்கான சான்றுப் பக்கங்களுக்கு எண் போட வேண்டும். ரசீதுகள் நான்கும் முதலில்.