20 ஷில்லிங்கைப் படிக்க மூன்று மாதம்

ஜான் ஹாம்டனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, பழைய கையெழுத்து இத்தனை நாளைத் தின்னும் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் பரம்பரை நிலபுலத்தோடு வாழ்ந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். ஸ்டோக் மாண்டவில் ஊரில் இருந்த அவர் நிலத்துக்கு விதித்த கப்பல் வரி, அதாவது கடற்படைச் செலவுக்கென்று மன்னர் வசூலித்த வரி, 20 ஷில்லிங். ஒரே ஒரு பவுண்டு. அதைக் கட்ட மறுத்ததால் 1637-இல் முதலாம் சார்லஸ் மன்னரோடு வழக்காட வேண்டி வந்தது. பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் வரி போடலாமா என்பதுதான் வழக்கு. 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் இவர் பக்கம்.

இதெல்லாம் அச்சுப் புத்தகத்திலேயே கிடைக்கும். எனக்கு அந்தக் காலத்து ஏடுகளிலேயே படிக்க ஆசை. முதல் நாள் ஒரு நகலைத் திறந்தேன், ஒரு வரிகூட ஓடவில்லை. 'செக்ரட்டரி ஹேண்ட்' என்ற அந்த எழுத்தில் எஸ் பாதி நேரம் எஃப் மாதிரி நிற்கும். சி பார்வைக்கு ஆர். இ திரும்பிப் படுத்திருக்கும். எச்சின் வால் கீழ்வரி வரை இறங்கும்.

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. தினமும் ராத்திரி அரை மணி நேரம் அதில் உட்கார்ந்தேன். தெரிந்த சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்துத் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். எனக்குக் கைகொடுத்தது இதுதான். புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள், இடம் விட்டு நகருங்கள். நான் ஊகித்தவை பெரும்பாலும் தப்பாகவே போயின. தொகைகள் ரோமன் எண்ணில் இருக்கும்: இரண்டு எக்ஸ், தலைக்கு மேல் குட்டி எஸ் என்றால் 20 ஷில்லிங்.

அப்புறம் தேதி. ஹாம்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க மன்னர் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு மக்களவைக்கு வந்தது 1642 ஜனவரி 4. நான் பார்த்த நகலில் 1641 என்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேன் என்று இரண்டு நாள் அந்த ஒற்றை இலக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் தப்பே இல்லை. இங்கிலாந்தில் அப்போது வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1752-இல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதுவரை எடுத்த குறிப்புகளை எல்லாம் முதலிலிருந்து சரிபார்த்தேன்.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், சால்குரோவ் சண்டையில் காயப்பட்டு, ஆறு நாள் கழித்து தேம் ஊரில் அவர் இறந்தது 1643 ஜூன் 24. அந்த வரிக்கு வந்ததும் மார்ச்சுக்கு முன்னா பின்னா என்றுதான் முதலில் பார்த்தேன். ஜூன். சரி, வருடத்தை மாற்ற வேண்டியதில்லை.