12 வெள்ளிப் பை: சில நாட்குறிப்புகள்

4 ஜனவரி 2025, சனி

புது முதுகுப்பை வாங்கியாயிற்று. விலை 12 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நேற்றுத்தான் வீடுகளுக்கு அரசாங்கம் தரும் 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டு வந்தது. பாதி பேரங்காடிகளுக்கு, மறுபாதி உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் குடை, செருப்பு, பை விற்கும் கடையில் ஒரு பத்து வெள்ளிச் சீட்டும் ஒரு இரண்டு வெள்ளிச் சீட்டும் கொடுத்தேன், கணக்குச் சரியாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 310 கிராம். இத்தனை வருடம் தூக்கிய மடிக்கணினிப் பையை அதே தராசில் வைத்தால் 1,180 கிராம் காட்டுகிறது. உள்ளே ஒரு காகிதம்கூட இல்லாமல்!

என் வேலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஈசூனில் இருந்துகொண்டு அங் மோ கியோ, பீஷான், செங்காங் என்று வீடு வீடாகப் போய்த் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். கார் கிடையாது. பயிற்சித்தாள்கள், இரண்டு அகராதி, தண்ணீர், குடை, சில நாள் இரவுச் சாப்பாடு எல்லாம் தோளில்தான். எதைக் குறைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் பொருள்களையே பார்த்தேன், பையின் சொந்த எடை கணக்கில் வரவேயில்லை. தோள்பட்டை வலிக்குப் பார்த்த இயன்மருத்துவர்தான் முதலில் பையை வாங்கிக் கையால் தூக்கிப் பார்த்தார்.

7 ஜனவரி, செவ்வாய்

பையின் உட்புறத் தையலில் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு. பாலியஸ்டர், 210டி என்று அச்சிட்டிருக்கிறது. டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ, அதுதான் அந்த நூலின் டெனியர். இந்தத் துணியின் நூலை ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்தால் 210 கிராம் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிப்பைகளில் 600 டெனியர் சாதாரணமாகக் கிடைக்கும். அது தடித்த நூல், உரசல் தாங்கும், கூடவே எடையும் ஏறும்.

துணியைக் கண்ணருகே பிடித்தால் சிறு சிறு கட்டங்கள் தெரிகின்றன. குறுக்கும் நெடுக்கும் சற்றுத் தடித்த நூல் ஓட்டியிருக்கிறார்கள். எங்காவது கிழிந்தால் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்பதற்காக. மலிவான பை என்று அலட்சியமாக நெய்த துணி இல்லை இது. எனக்கு மனம் நிறைந்தது.

இந்த மாதிரிப் பைக்கு முதுகெலும்பு கிடையாது. பழைய பையில் முதுகுப் பக்கம் கெட்டி அட்டையும் தடித்த பஞ்சும் இருந்தன. இதில் விரல் கனத்துக்கு ஒரு நுரைத்தகடுதான். அதனால் அடுக்கும் முறை முக்கியம். பயிற்சித்தாள் கோப்பை முதலில், முதுகை ஒட்டி நிமிர்த்தி வைக்கிறேன். அதுவே பைக்கு நிமிர்வைக் கொடுக்கிறது. அகராதிகள் அதற்கு அடுத்து. உணவு டப்பாவும் குடையும் வெளிப்பக்கம். கனமானது முதுகோடு ஒட்டியிருந்தால் பை பின்னால் இழுப்பதில்லை, தோளும் முன்னால் வளைவதில்லை. தோள்வாரையும் இழுத்துக் கட்டி, பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாலை ஆறு மணி ரயிலில் இன்னொன்று புரிந்தது. கூட்ட நேரத்தில் முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், காலடியில் வையுங்கள் என்று எப்போதும் சொல்கிறார்கள். பழைய பையைக் கழற்றினால் மறுபடி மாட்டுவது பெரிய பாடு, அதனால் பலரும் மாட்டியபடியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இன்று ஒரு கையால் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். பின்னால் நின்ற பாட்டி தாராளமாக மூச்சு விட்டார்.

12 ஜனவரி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பிடித்த மழை. இப்படியும் ஒரு மழையா! பருவமழை எழுச்சி என்கிறார்கள். தென்சீனக் கடல் வழியாகக் குளிர்ந்த காற்று வலுவாக இறங்கும்போது வருவது. வெள்ளி, சனி இரண்டே நாளில் சாங்கி வானிலை நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான்.

வெள்ளி மாலை செங்காங் வகுப்பு. பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக்குவரை கூரையிட்ட நடைபாதை உண்டு, ஆனால் சாரல் பக்கவாட்டில் வந்தது. குடை தலையைக் காத்தது, பையைக் காக்கவில்லை. மாணவி வீட்டில் போய்த் திறந்து பார்த்தால் கோப்பின் மேல் ஓரம் ஈரம். அடிப்பக்கத் தாள்கள் நன்றாகவே இருந்தன.

இரவு வீட்டில் பையைக் காலி செய்து, உட்புறத்தை வெளியே திருப்பி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். துணியின் உள்பக்கம் பளபளப்பான பாலியூரித்தேன் பூச்சு. அதன்மேல் தண்ணீர் துளித்துளியாக உருண்டு நின்றது, உள்ளே இறங்கவில்லை. இறங்கிய இடம் இரண்டு. ஒன்று ஜிப். மற்றது தையல் ஓடிய வரி. ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாசல், நூலும் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கடத்துகிறது. விலை கூடிய பைகளில் தையல்மேல் உள்ளிருந்து ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். 12 வெள்ளிக்கு அதைக் கேட்க முடியாது.

அதற்கு வழி எளிது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து, சாமான்களை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிட்டால் போதும். மலையேறுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. மழையுறையை வெளியே மாட்டினாலும் முதுகுப் பக்கம் திறந்துதான் கிடக்கும், உள்ளே விரித்த பைக்கு அந்தக் குறை இல்லை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள் அல்லவா, வீட்டில் மடித்து வைத்திருந்ததில் கெட்டியான ஒன்றை எடுத்துக்கொண்டேன். நேற்றைய வகுப்புக்கு அப்படியே போனேன். தாள் ஒன்றும் நனையவில்லை.

15 ஜனவரி, புதன்

நேற்றுப் பொங்கல். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மஞ்சள் கொத்து, வெல்லம், பச்சரிசி, வாழைப்பழம், ஒரு தேங்காய் என்று பை நிறைந்தது. ஆறு கிலோவுக்கு மேலேயே இருக்கும். கரும்பைக் கையில் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், வலது தோள்வார் பையோடு சேரும் மேல் முனையில் நூல் இரண்டு கண் விட்டிருக்கிறது. துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

மழை நுழைந்ததும் தையல் வழி, பாரம் தாங்காததும் தையல்தான்.

19 ஜனவரி, ஞாயிறு

தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் எனக்கு ரவிக்கை தைக்கும் அண்ணனிடம் பையைக் கொண்டுபோனேன். வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று விரலால் தடவினார்.

"துணி நல்ல துணிம்மா. நூல்லதான் மிச்சம் பிடிச்சிருக்கான். இந்த எடத்துல நாலு தடவ ஓட்டணும், ஒரு தடவ ஓட்டி விட்டுட்டான்."

"அண்ணே, வேற எங்கல்லாம் போகும்?"

"தோள்வாரு மேல ரெண்டு, கீழ ரெண்டு, அப்புறம் கைப்பிடி. மத்தபடி ஒண்ணும் ஆவாது."

ரவிக்கை நூல் வேண்டாம் என்று இழுப்பறையிலிருந்து நைலான் நூல் எடுத்தார். தோள்வாரின் முனைகளில் சதுரமாக ஒரு சுற்று, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. பாரம் ஒரே வரியில் விழாமல் சதுரம் முழுதும் பரவும். கைப்பிடியில் மட்டும் நெருக்கமான குறுக்குத் தையலை முன்னும் பின்னும் ஓட்டினார். உட்புறம் ஒரு துண்டு நாடாவும் வைத்துத் தைத்தார், இல்லாவிட்டால் புது நூலே மெல்லிய துணியை அறுத்துவிடுமாம். ஆறு வெள்ளி கேட்டார். மொத்தம் 18 வெள்ளி ஆயிற்று. இந்தப் பணத்தில் இவ்வளவு உறுதியான பை கடையில் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

25 ஜனவரி, சனி

அங் மோ கியோ மாணவன், தொடக்கநிலை நான்கு. என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவ்ளோதானா?" என்றான். அவனுடைய பள்ளிப்பையை நான் தூக்கினேன். எனக்கே கை இறங்கியது. அவன் அம்மாவிடம் பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித்தராசு இருந்தது. பை 5.6 கிலோ. பையன் 28 கிலோ. பிள்ளையின் எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டுக்குள் பை இருப்பது நல்லது என்று பரவலாகச் சொல்கிறார்கள். 15 விழுக்காடு என்றாலும் அவனுக்கு 4.2 கிலோதான்.

எல்லாவற்றையும் தரையில் கொட்டினோம். காலிப் பை மட்டும் 1.5 கிலோ. ஒரு லிட்டர் உருக்குத் தண்ணீர்ப் புட்டி நிறைத்தபடி, அது ஒன்றரை கிலோ. பள்ளியிலேயே குடிநீர்க் குழாய் இருக்கிறது, பாதி நிரப்பினால் போதும். அன்றைக்குப் பாடமே இல்லாத இரண்டு புத்தகங்கள். போன வருடத்துக் கோப்பு ஒன்று. புத்தகங்களையும் பழைய கோப்பையும் வீட்டில் வைத்து, தண்ணீரையும் குறைத்ததும் நாலு கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. பிள்ளையை நினைத்து எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஒரு மாதமாக இதைச் சுமந்திருக்கிறானே.

"அக்கா, உங்க பை மாதிரியே ஒண்ணு வாங்கிடவா?" என்று அவன் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். மெல்லிய வார் பெரியவர்கள் தோளுக்கு நாலைந்து கிலோவரை சரி. தினமும் புத்தகம் சுமக்கும் பிள்ளைக்கு அகலமான, பஞ்சு வைத்த வார் வேண்டும், நெஞ்சுப்பட்டி இருந்தால் இன்னும் நல்லது. காலிப் பை ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும், கடைக்குப் போகும்போது அந்தக் கொக்கித்தராசையே எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

சீனப் புத்தாண்டு விடுமுறையில் வகுப்பு குறைவு. ஜிப் கொஞ்சம் முரண்டியது. பற்களின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஜிப் வாய் திறந்துகொண்டால் பெரும்பாலும் பழுது பற்களில் இருக்காது, இழுக்கும் வில்லை அகன்றிருக்கும். குறடால் இரு ஓரத்தையும் மெல்ல அழுத்தினால் மறுபடி கடிக்கும். அந்த நிலை இதற்கு இன்னும் வரவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய், இரவு

தைப்பூசம். 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆகவே இன்றைய வகுப்புகளை வேறு நாளுக்கு மாற்றி வைத்தேன். தம்பி காவடி எடுத்தான். சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். செட்டியார்கள் 1859இல் எழுப்பிய கோயில்.

காவடி எடுக்கிறவனோடு நடக்கிறவர்களின் பை எப்படி இருக்க வேண்டும் என்பது இன்றுதான் தெளிவாயிற்று. தண்ணீர்ப் புட்டிகள், இரண்டு துண்டு, எலுமிச்சை, திருநீறு, தம்பியின் சட்டையும் செருப்பும், அம்மாவுக்கு மாத்திரை. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். பார்க்காமலே கை உள்ளே போகும், அவன் நின்றதும் துண்டு வரும், தண்ணீர் வரும். நெரிசலில் யார்மீதும் இடிக்கவும் இல்லை. சிலிகி சாலை தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. கிளமென்சோ அவென்யூ வரும்போது தண்ணீரெல்லாம் தீர்ந்து, பை மார்பில் இருப்பதே தெரியவில்லை. கூட வந்த அத்தை களைத்துப்போய்த் தன் கைப்பையையும் என்னிடம் தந்துவிட்டார். அதுவும் உள்ளே அடங்கியது.

சன்னதியில் காவடி இறங்கியபோது தம்பியின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டிருந்த நேர்த்தி. முருகா.

புதுத் தையல் அசையவில்லை. பக்கத்து வலைப்பையில் பால் சிந்தியிருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

பையைத் துவைத்தேன். வாளியில் வெதுவெதுப்பில்லாத தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு நீர், கையால் மட்டும். இயந்திரத்தில் போட்டால் உள்பூச்சு உதிரும், வெந்நீரும் ஆகாது. ஜிப்பையெல்லாம் திறந்து, தலைகீழாக, மூங்கில் கழியில் போடாமல் சமையலறைக்கு வெளியே நிழலில் தொங்கவிட்டேன்.

நம் ஊர் ஈரத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பாலியூரித்தேன் பூச்சுக்கு எதிரி மழையைவிடப் புழுக்கம்தான். ஈரக்காற்றில், மூடிய அலமாரியில் நெடுநாள் கிடந்தால் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். ஒரு நெடியும் வரும். சும்மா மடித்து வைத்த பை, தினமும் எடுத்துப்போன பையைவிட முன்னதாகக் கெட்டுப்போவது இதனால்தான். ஆகவே இந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் வாய் திறந்து தொங்குகிறது. இப்போதைக்குப் பூச்சு வழவழவென்றே இருக்கிறது. நாளடைவில் உரியத்தான் செய்யும், அப்போதும் உள்ளே பிளாஸ்டிக் பை இருக்கும்.

அத்தை பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகிறார். விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோ என்று எழுதியிருக்கிறதாம், பை எடை அதில் போய்விடக் கூடாது என்று இதே மாதிரி ஒன்று கேட்டிருக்கிறார். நீல நிறம் வேண்டுமாம். நாளைக்கு வாங்கிவிட்டால், வாரக் கடைசியில் தேக்கா அண்ணனிடம் கொடுத்து நாலு முனையையும் கைப்பிடியையும் தைத்துவிடலாம்.