காற்றாலை டெக்னீஷியன் வேலை: சான்றிதழ் கையில், பதிவைக் காணோம்

தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்த்துவிட்டுக் காற்றாலைப் பக்கம் போக நினைக்கிறீர்களா? ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற காற்றாலைத் துறை அமைப்பு) வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததும் கையில் தரும் தாளை நம்பி உட்காராதீர்கள். நீங்கள் பயிற்சி முடித்த விவரத்தைப் பயிற்சி மையம் உங்கள் பெயரில் வின்டா தளத்தில், அதாவது ஜி.டபிள்யூ.ஓ.வின் இணையப் பதிவேட்டில், பதிவேற்ற வேண்டும். வேலை கொடுப்பவர் அங்கேதான் பார்ப்பார்.

அந்தத் தளத்தில் எனக்குரிய அடையாள எண்ணில் ஓர் இலக்கத்தை மைய ஊழியர் மாற்றி அடித்திருக்கிறார். நேர்காணல் முடிந்து தேர்வும் ஆனபிறகு, "உங்கள் பெயரில் பதிவே இல்லையே" என்று மின்னஞ்சல் வருகிறது. போன் போட்டால், "நாங்கள் ஏற்றிவிட்டோம் சார்" என்ற ஒரே பாட்டு. யார் கணக்கில் ஏற்றினீர்கள் என்பதுதானே என் கேள்வி! நேரில் போனால் சம்பந்தப்பட்டவர் விடுப்பு. கடைசியில் காலியாகக் கிடந்த என் பக்கத்தைப் படம் பிடித்துப் பயிற்றுநருக்கே அனுப்பினேன். அன்று மாலையே சரியாகிவிட்டது. பயிற்சி முடிந்த கையோடு உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

முதலுதவி, பாரம் தூக்குதல், தீ விழிப்புணர்வு எல்லாம் சுலபம். உயரத்தில் வேலை செய்யும் பாடத்தில்தான் மூச்சு வாங்கியது. ஏறுவது பெரிய விஷயமில்லை. பாதுகாப்புப் பட்டையில் நினைவிழந்து தொங்கும் ஆளை இறக்கியாக வேண்டும். தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கிவிடும் என்பதால் சாவகாசமாகச் செய்ய முடியாது. கடல் உயிர்பிழைப்புப் பாடத்தையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நிலத்தில்தான் வேலை என்றால் அது தேவையில்லை.

நேர்காணலுக்குக் கியர்பாக்ஸ், இறக்கை வடிவம் என்று விழுந்து விழுந்து படித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "பிரேக்கரை அணைத்துப் பூட்டிவிட்டீர்கள். மின்சாரம் இல்லை என்று எப்படி உறுதி செய்வீர்கள்?" மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி பழைய இடத்தில் டெஸ்டரைச் சோதிப்பேன் என்றேன். கன்வெர்ட்டரில் கெபாசிட்டர் மின்னூட்டம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றதும் எதிரில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பழைய வேலையில் தினமும் செய்ததுதான்! ஆனால் ஹைட்ராலிக்கும் போல்ட் முறுக்கும் கேட்பார்கள். மின்சாரக்காரனுக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பாதுகாப்புப் பயிற்சி செல்லுபடியாவது 24 மாதங்கள்தான். தேதி தாண்டினால் புதுப்பிப்புப் பயிற்சி கிடையாது, முழுப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் அந்தச் செலவு யாருடையது என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.