ஒரு வரி மாத்துறதுக்கு இவ்ளோ அக்கப்போரா!

ஆர்டிஎல் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல செருகி ரேடியோ கேக்குற யூஎஸ்பி குச்சி) வச்சு விளையாடுறவங்க பாத்திருப்பீங்க, வாட்டர்ஃபால்ல, அதாவது எந்த ஃப்ரீக்வென்சில சிக்னல் இருக்குன்னு ஓடிட்டே காட்டுற படத்துல, நட்டநடுவுல ஒரு கோடு நிக்கும், எந்த ஃப்ரீக்வென்சிக்குப் போனாலும் அதுவும் கூடவே வந்து நடுவுலயே உக்காந்துக்கும். நான் யூஸ் பண்ற ஓப்பன் சோர்ஸ் ரிசீவர் சாஃப்ட்வேர்லயும் அது இருந்துச்சு. ஏற்கனவே ஒருத்தர் ப்ராஜெக்ட் பக்கத்துல இஷ்யூ (புகார்) போட்டிருக்கார், "ஹார்டுவேர் டிசி ஆஃப்செட், அப்படித்தான் இருக்கும்"னு ஒரே வரில சொல்லி மூடி வச்சிருக்காங்க. டிசி ஆஃப்செட்னா சிக்னலோட சராசரி சைபர்ல நிக்காம கொஞ்சம் தள்ளி நிக்கிறது, அதுதான் நடுவுல கோடா தெரியும்.

டாங்கிளுக்குள்ள சிக்னலைப் புடிக்கிற ட்யூனர் சிப் ஈ4000ஆ இருந்தா அந்தப் பதில் சரி, அது சீரோ ஐஎஃப், அதாவது நாம கேக்குற ஃப்ரீக்வென்சியை நேரா சைபருக்கே இறக்கிரும். ஆனா என்கிட்ட இருக்கிறது ஆர்820டி, அது சிக்னலை 3.57 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப்ல (இடைப்பட்ட ஃப்ரீக்வென்சில) குடுக்குது, அதனால ட்யூனரோட டிசி நடுவுல வந்து விழ வழியே இல்ல. அப்போ யார் கொண்டு வர்றது? சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோடைத் திறந்தேன். டாங்கிள் அனுப்புறது 8 பிட் அன்சைன்டு, 0ல இருந்து 255 வரைக்கும், அதோட நடு 127.5. இங்க 127ஐ கழிச்சிட்டு ஃப்ளோட் (தசம எண்) ஆக்கியிருக்காங்க. அரை ஸ்டெப்தான் பாக்கி, ஆனா ஃபுல் ஸ்கேலுக்கு கீழ சுமார் 48 டெசிபல்ல ஒரு டிசி, அமைதியான பேண்ட்ல நல்லாவே தெரியும். 127ஐ 127.5ன்னு மாத்தினேன், கோடு காலி. வேலை முடிஞ்சுதுன்னு பாத்தா அப்பதான் ஆரம்பம்.

மாத்தினதை ப்ராஜெக்ட்டுக்கு அனுப்பணுமே, ஃபோர்க், பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட் (இதைச் சேத்துக்கோங்கன்னு கேக்குறது) எல்லாம் வழக்கம்போல. அனுப்பினதும் தானா ஓடுற செக்ல முதல் சிவப்பு சைன்ஆஃப்ல. நிறைய ப்ராஜெக்ட்ல டிசிஓ கேப்பாங்க, அதாவது இந்த சோர்ஸ் கோடைக் குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு கமிட் (ஒரு மாற்றத்தோட பதிவு) மெசேஜ் கடைசில பேரும் மெயிலும் இருக்கணும், கமிட் பண்ணும்போது மைனஸ் எஸ் போட்டா தானா வந்துரும். இங்க கான்ட்ரிபியூட்டிங் ஃபைல்ல இதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. சரின்னு ரீபேஸ்லயே (கமிட்டைத் திரும்ப எழுதுறது) சைன்ஆஃப் ஆப்ஷன் குடுத்து சரி பண்ணேன், பச்சையாச்சு. அப்புறம் ரிவ்யூவர் ஒரு கமெண்டைத் திருத்தச் சொல்லி சஜஷன் போட்டார், அங்கயே இருக்கிற பட்டனை அமுக்கி ஏத்துக்கிட்டா திரும்பவும் சிவப்பு! ஏன்னா பிரவுசர்லயே ஆகுற அந்தக் கமிட்ல சைன்ஆஃப் வரல. பட்டன் பக்கம் போகாதீங்க, உங்க மெஷின்லயே மாத்தி பழைய கமிட்டோட சேத்துருங்க.

ஃபார்மேட்டிங்கும் சும்மா விடல. வரிகளை ஒழுங்கா அடுக்குற டூலான கிளாங் ஃபார்மேட் வெர்ஷனுக்கு வெர்ஷன் வேற மாதிரி மடக்கும், எந்த வெர்ஷன்னு டாக்குமெண்ட்ல தேடாதீங்க, அந்த தானா ஓடுற செக்குக்கான சிஐ ஃபைலைத் திறந்தா அதுல இருக்கும். முழு ஃபைலையும் ஃபார்மேட் பண்ணிராதீங்க, ஒரு வரி டிஃப் நூறு வரி ஆகும், ரிவ்யூவர் பாக்காமலே தள்ளிருவார். மாத்தின வரிய மட்டும் சரி பண்ண கிட் கிளாங் ஃபார்மேட் இருக்கு.

உண்மையிலயே கடுப்பேத்தினது டெஸ்ட்தான். டெஸ்ட் இல்லாம மெர்ஜ் (ப்ராஜெக்ட்ல சேக்குறது) இல்லன்னுட்டாங்க, நியாயம்தான். ஆனா அசல் ரெக்கார்டிங் வேணும்னு ஒருத்தர் கேக்குறார். செகண்டுக்கு 2.4 மெகா சாம்பிள், ஒன்னுக்கு ரெண்டு பைட்னா 4.8 எம்பி, ஒரு நிமிஷம் புடிச்சா 288 எம்பி, அத ரெப்போல (ப்ராஜெக்ட்டோட கிடங்கு) போட்டா அப்புறம் அழிச்சாலும் ஹிஸ்டரில கிடந்து எல்லாரும் டவுன்லோடு பண்ணணும். இத எடுத்துச் சொல்லி, 0ல இருந்து 255 வரை எல்லா பைட்டையும் ஒரு தடவை உள்ள விட்டு சராசரி சைபர் வருதான்னு மட்டும் பாக்குற மாதிரி எழுதிக் குடுத்தேன். ஒத்துக்கிட்டாங்க.

இதுக்கு நடுவுல ரெண்டு ரிவ்யூவருக்குள்ள தகராறு வேற, மொத்தமே 256 வேல்யூதான, விடையெல்லாம் முன்னாடியே எழுதி வச்ச ஒரு டேபிள் போட்டுருன்னு ஒருத்தர், டேபிள் போட்டா கம்பைலர் வெக்டரைஸ் பண்ணாது (பல வேல்யூவை ஒரே நேரத்துல போடாது), கணக்காவே விடுன்னு இன்னொருத்தர். ரெண்டு பேர் சொன்னதையும் மாத்தி மாத்தி எழுதிட்டே இருந்தா சந்தில மாட்டின தேர் மாதிரி நிக்க வேண்டியதுதான். ரெண்டையும் ஓட்டி டைமிங்கை அங்கயே போட்டு "எது வேணும்னு நீங்களே பேசி சொல்லுங்க"ன்னு விட்டுட்டேன். கணக்கே ஜெயிச்சுது. அளந்து போட்ட நம்பருக்கு எதிரா யாரும் வாயே தொறக்கல.

அப்பாடான்னு இருந்தா ஏஆர்எம் (ஃபோன்ல இருக்கிற வகை ப்ராசசர்) பில்டு ஃபெயில். எக்ஸ்86ல (சாதாரண பிசி ப்ராசசர்) பாஸ் ஆகுற அதே டெஸ்ட்! 127.5க்கு ஏத்த மாதிரி விடையைத் திருத்தின பழைய டெஸ்ட் ஒன்னு எல்லா வேல்யூவும் அதோட அச்சுப் பிசகாம சமமா இருக்கான்னு பாக்குது. ஏஆர்எம்ல கம்பைலர் பெருக்கலையும் கழித்தலையும் சேத்து ஒரே இன்ஸ்ட்ரக்ஷனா ஆக்கிருது, நடுவுல ரவுண்டிங் ஒரு தடவை குறையுது, கடைசி பிட் மாறுது. சாதாரண எக்ஸ்86 பில்டுல அந்த இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. "உங்க பேட்ச் டெஸ்டை உடைக்குது"ன்னு கமெண்ட் வந்துச்சு பாருங்க, லாக்ல ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஏழாவது இலக்கத்துலதான் வித்தியாசம்னு காட்டினேன், மறுபேச்சு இல்ல. ஃப்ளோட்டை டெஸ்ட் பண்றீங்கன்னா டாலரன்ஸ் வச்சே எழுதுங்க, ரேடியோ கோட்ல சமம்னு கேக்குறதே வம்பு.

அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ரெண்டு பேரும் அப்ரூவ் பண்ணியாச்சு, மெர்ஜ் பண்ண உரிமை உள்ளவர் எட்டியே பாக்கல. சும்மா "பிங்"னு போட்டா வேலைக்கு ஆகல, லேட்டஸ்ட் மெயின் மேல ரீபேஸ் பண்ணி, முன்ன பின்ன வாட்டர்ஃபால் படம் ரெண்டையும் போட்டு கேட்டதுக்கு அன்னைக்கே மெர்ஜ் ஆச்சு. மூடி வச்ச அந்தப் பழைய இஷ்யூலயும் போய் லிங்க் போட்டுட்டு வந்தேன், அது தனி சந்தோஷம்.

ரெக்கார்டு பண்ண ஃபைலைப் படிக்கிற கோட்லயும் அதே 127 உக்காந்திருக்கு. சேத்தே மாத்திரட்டுமான்னு கேட்டதுக்கு, தனி புல் ரிக்வெஸ்ட் போடுங்கன்னுட்டாங்க.