வாலைப் பார்க்காமல் ஸ்லைடை எடுக்காதீர்கள்

எம்.டி. பேத்தாலஜி பிராக்டிகலுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி நான் படித்த வருஷம், ஒரு ரத்த ஸ்மியர் (கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தம்) ஸ்லைடைக் கோட்டைவிட்டேன். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சாப்பிடுகிறவர். மூன்று வாரமாகக் காய்ச்சல். நடுப்பகுதியில் நூறு செல் எண்ணி, 'பேன்சைட்டோபீனியா' (மூன்று வகை ரத்த அணுக்களும் குறைவு) என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மேடம் அதே ஸ்லைடை வால் பக்கம், அதாவது ஸ்மியர் மெலிந்து முடியும் நுனிக்கு நகர்த்தி, ஆயில் இம்மர்ஷனில் (எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் அதிக உருப்பெருக்கத்தில்) என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு மோனோசைட்டுக்குள் (பெரிய வெள்ளையணு) ஏழெட்டு முட்டை வடிவப் புள்ளிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரான்தான். ஒரு பக்கம் பிறை மாதிரி ஊதா நிறம், சுற்றிலும் வெள்ளை வளையம். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை! பெரிய செல்கள் ஓரத்துக்கும் வாலுக்கும் ஒதுங்கிவிடும்; நான் அங்கே போகவே இல்லை. வெள்ளையணு குறைவாக இருந்தால் பஃபி கோட் (ரத்தத்தைச் சுழற்றினால் வெள்ளையணுக்கள் திரளும் படலம்) ஸ்மியரும் போட்டுவிடுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த வளையத்தைக் காப்ஸ்யூல் (உறை) என்று சொல்லிவிடாதீர்கள். அது சாயமேற்றும்போது சுருங்குவதால் வரும் இடைவெளி. 1906-ல் பனாமாவில் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் டார்லிங்கே உறையுள்ள ஒட்டுண்ணி என்று நினைத்துத்தான் 'கேப்சுலேட்டம்' என்று பெயர் வைத்தார்.

அடுத்த கேள்வி நிச்சயம் 'லீஷ்மேனியா ஏன் இல்லை?' என்பதுதான். கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியான லீஷ்மேனியாவுக்கு நியூக்ளியஸ் பக்கத்தில் குச்சி போலக் கைனட்டோபிளாஸ்ட் என்ற டி.என்.ஏ. திரள் இருக்கும். பூஞ்சைக்கான வெள்ளிச் சாயமும் அதில் ஏறாது. நடுவில் குறுக்குக் கோடு விழுந்து இரண்டாகப் பிளந்தால் டாலரோமைசிஸ் என்ற இன்னொரு பூஞ்சை. நோயாளி அந்தப் பூஞ்சை அதிகம் காணப்படும் மணிப்பூர்ப் பக்கத்துக்காரரா என்று கேஸ் ஷீட்டில் பாருங்கள். ஹிஸ்டோபிளாஸ்மா ஒடுங்கிய கழுத்தோடு மொட்டு விடும். செல்மேல் உட்கார்ந்த பிளேட்லெட்டும் ஏமாற்றும். ஃபைன் ஃபோகஸைத் திருப்பினால் அது வேறு மட்டத்தில் தெளியும்.

ஸ்மியரில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று எழுதக் கூடாது. தெரிந்தாலும் 'ஹிஸ்டோபிளாஸ்மாவை ஒத்த ஈஸ்ட். கல்ச்சர், ஆன்டிஜன் பரிசோதனைகளோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதுங்கள். ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போடுங்கள். அன்று மேடம் அதைத்தான் செய்தார். சாயங்காலமே லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கான மருந்து ஏறியது. நான்காவது வாரம் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது, நோயாளி வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது.