குப்பையை எடைபோட்ட ஐந்து நாள்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் திட்டமான ஈக்கோ ஸ்கூல்ஸில் எங்கள் பள்ளியும் சேர்ந்திருக்கிறது. 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கிய திட்டம் இது, மலேசியாவில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். நடத்துகிறது. மொத்தம் ஏழு படிகள். முதல் படி செயற்குழு அமைப்பது. நான் ஆசிரியர்களின் பெயர்களாகவே எழுதினேன், தவறு. மாணவர்கள்தான் முன்னின்று நடத்த வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

இரண்டாம் படி சூழல் ஆய்வு. சுவரொட்டி ஒட்டும் அவசரத்தில் பலர் இதைக் கடமைக்கு முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து நாள்கள், ஓய்வு நேரம் முடிந்ததும், கையுறை போட்டுக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக் குப்பையைப் பிரித்து எடைபோட்டோம். தராசு சந்தையில் மீன் விற்பவர் கொடுத்தது. பானம் கட்டிய பைகளும் உறிஞ்சுகுழல்களும்தான் அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். எண்ணிக்கையில் சரிதான். எடையிலோ பாதிக்கு மேல் சோறும் மீ என்னும் நூடுல்ஸும்.

அந்தச் சோறு எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நிபோங் திபாலுக்கு அருகே பூலாவ் புரோங் குப்பைக் கிடங்கைக் காட்டினேன். 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீயும் புகையும் நினைவிருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கச் சொன்னேன். காற்றுப் புகாமல் உணவு அழுகினால் மீத்தேன் வரும், அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்ற பாடம் அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்காமலே நடந்தது.

தீர்வைச் சொன்னதும் ஒரு சிறுமிதான். "டீச்சர், ஒண்ணாம் ஆண்டுத் தம்பிக்கும் ஆறாம் ஆண்டு அண்ணனுக்கும் ஒரே அளவு சோறா?"

இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவே இல்லை. சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் சிறிய தட்டு, பெரிய தட்டு, இரண்டு விலை என்று கேட்டோம். நஷ்டம் வருமே என்று தயங்கினார், நியாயமான பயம். இரண்டு வாரம் பார்ப்போம் அக்கா என்றேன். மூன்றாம் வாரம் அவரே சோற்றுப் பானையைச் சிறிதாக்கிவிட்டார்.

மிச்சத்தை உரமாக்கினோம். முதல் பீப்பாய் நாறியது, ஈரம் அதிகம். அங்சானா மரத்தின் காய்ந்த சருகை அடுக்கடுக்காகப் போட்டதும் சரியானது. வாராந்திர எடையைக் கணித வகுப்பில் பட்டைக் குறிவரைவாக வரைகிறார்கள். ஏழு படிகளில் கண்காணிப்பு, பாட இணைப்பு என்ற இரண்டும் அதிலேயே அடங்கிவிட்டன.

தொடங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கூட்டக் குறிப்பையும் தேதியிட்ட படங்களையும் முதல் நாளிலிருந்தே சேமியுங்கள். அறிக்கை எழுதும்போது நான் பழைய கைப்பேசியில் மூன்று இரவு தேடினேன்.

அடுத்து மின்சாரம். வகுப்புக்கு எத்தனை 36 வாட் குழல் விளக்குகள், ஓய்வு நேரத்தில் ஆளில்லாமல் எத்தனை காற்றாடிகள் சுழல்கின்றன என்று இந்த வாரம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.